இருபத்திரண்டு குதிரை

தைக்கூ சாலையிலிருந்து உள்ளே இரண்டு மைல்,
மழைக்காலத்தில் அதுவே நான்கு.
அந்த வழியாகத்தான் வந்து இறங்கியது
ஜப்பானில் யாரோ ஓட்டித் தீர்த்த
இருபத்திரண்டு குதிரைத்திறன் டிராக்டர்.
ஆரஞ்சு நிறம். வலது மட்கார்டில் ஒரு நெளிவு.
நாற்பத்தாறு லட்சம் கியாட்:
என் இரண்டு வளையல், கணவரின் மோட்டார் சைக்கிள்,
மீதிக்கு எடுத்த சீட்டு.

காகிதம் எதுவும் கிடையாது என்றார் தரகர்.
பரவாயில்லை,
என் மாமனாருக்கும் கடைசிவரை இருந்ததில்லை.

நெம்புகோல்கள் ஏழு.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத்து,
பூச்சியை நசுக்கி ஒட்டிய மாதிரி.
புரிந்தது இரண்டே படம்:
ஒரு முனையில் முயல், மறுமுனையில் ஆமை.
மற்றதையெல்லாம் இழுத்துத்தான் படித்தோம்.
ஒன்றை இழுத்தால் பின்னால் ரோட்டரி எழும்பும்.
ஒன்றை இழுத்தால் கணவர் கத்துவார்.
ஒன்று மட்டும் எப்படித் திருப்பினாலும்
ஒன்றும் செய்யாமல் நிமிர்ந்தே நிற்கும்;
அதற்குக் கிராமத் தலைவர் என்று பெயர் வைத்தோம்.

நெல் அறுத்த ஈரம் காய்வதற்குள்
உளுந்து விழுந்தாக வேண்டும்.
எருமை ஏக்கருக்கு இரண்டு நாள் கேட்கும்.
இது இரண்டு மணி நேரமும்
ஒன்றரை கேலன் டீசலும் கேட்கும்.
எருமைக்காக யாரும் பங்கில் வரிசை நிற்பதில்லை
என்பது கோ தௌனின் கட்சி.
ஆனாலும் முதலில் கூப்பிட்டவர் அவர்தான்.

அவர் வயலில், வரப்பு ஏறுகிற இடத்தில்,
வண்டி முகத்தைத் தூக்கிக்கொண்டது.
அரை நொடி
வானம் மட்டும்தான் தெரிந்தது எனக்கு.
அன்றிலிருந்து முன்னால் இரண்டு மூட்டை மணல்.

என் பெயர் பொன்னாத்தா. ஊருக்கு மா ஷ்வே.
பொருள் ஒன்றுதான், கூலிதான் வெவ்வேறு:
சிலர் பணம், சிலர் உளுந்து,
சிலர் சிரிப்பு.
சிரிப்பையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்,
தேதி போட்டு.

கோ தௌனின் மகள் ஏ சான் மோ
ஜப்பானில் முதியவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்காக
யாங்கூனில் பத்து மாதம் மொழி படித்தாள்.
தண்ணீர்த் திருவிழாவுக்கு வந்தவள்
வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்,
கோயிலைச் சுற்றுகிறவள்போல் வாய் முணுமுணுக்க.
இது, நிறுத்திவிட்டுக் கை வை.
இது, ஆள் ஏற்றாதே.
(நாங்கள் ஏற்றியது ஒன்பது பேர், ஒரு பன்றி.)
கிராமத் தலைவரிடம் வந்து குனிந்தாள்.
நாலு சக்கரமும் இழுக்க, என்றாள்.

மூன்று வருடம்!
மூன்று வருடம் அந்தச் சேற்றில்
பாதி வண்டியை ஓட்டியிருக்கிறோம்.
கணவர் எழுந்து போய்
பீடி பற்றவைக்கிற மாதிரி நின்றார்.

பிறகு பானெட்டைத் திறந்தாள்.
உள்தகட்டில் கறுப்பு மையில் வரிவரியாக இருந்ததை
கம்பெனி எழுத்து என்றே நினைத்திருந்தேன்.
இல்லை அக்கா, கையெழுத்து.

ஏப்ரல், எண்ணெய் மாற்றினேன்.
அக்டோபர், எண்ணெய் மாற்றினேன்.
ஏப்ரல், மாற்றினேன். பல் இரண்டு புதிது.
அக்டோபர், மனைவி ஆஸ்பத்திரியில். அடுத்த மாதம்.
டிசம்பர், மாற்றினேன்.

அதற்குக் கீழே துரு.

அன்று சாயங்காலமே வடிகால் திருகைக் கழற்றினேன்.
தார் மாதிரி இறங்கியது என் மூன்று வருடம்.
மண்ணெண்ணெய் தகரம் நிறைந்து வழிந்தது.
யார் முன்னால் வெட்கப்பட்டேன் என்று
இன்னும் தெரியவில்லை.

வைகாசியில் அவள் விமானம் ஏறினாள்.
அந்த மனிதரின் ஊரோ பேரோ தகட்டில் இல்லை.
இருந்தாலும் சொல்லி அனுப்பினேன்:
நீ குளிப்பாட்டுகிற கிழவர் யாராவது
டிராக்டர் என்று வாயெடுத்தால் கேட்டுப் பார்,
மூன்றாவது கியர் ஏன் நழுவுகிறது என்று.

போனில் பதில் வரவில்லை.
மழை வந்துவிட்டது.
நாலு சக்கரமும் இழுக்க,
ஆமைப் பக்கம் தள்ளிவைத்து
கோ தௌனின் கீழ் வயலில் இறங்குகிறேன்.